ஒரு பல் குறைந்த சக்கரம்

சாலைக் கம்போளம் என்ற கடைவீதியில் இரும்பு விற்றவர்கள் பலர் உண்டு. கார் வாங்கும் அளவுக்கு விற்றவர்கள் சிலர்தான். பகவதிப்பெருமாளின் தகப்பனார் அந்தச் சிலரில் ஒருவர். அவர் வாங்கியது நாலு கதவு வைத்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முதலை வாயைப் போலத் திறக்கும் வண்டி. ஸ்ரீவராகத்தில் இருந்த அவர் வீட்டில் பிறந்த பெண் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போவது அந்த வண்டியில்தான். ஓட்டுவது குடும்பத்தின் மூத்த ஆண். நம் வாசலில் சாவியைத் திருப்பினால் மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் எஞ்சினை அணைக்க வேண்டும். இடையில் நின்றால் பெண்ணின் வாழ்வும் இடையில் நிற்கும் என்று அந்தக் காலத்து அத்தைமார் சொல்வார்கள். தகப்பனாருக்கு அந்தப் பேச்செல்லாம் கிடையாது. வழியில் நிற்பது தெரு நாய்க்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது என்பார். அவ்வளவுதான்.

அந்த முறை பிசகியது பகவதிப்பெருமாளின் கையில். தம் மகள் கலைச்செல்வியை நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டபோது, ஐப்பசி மழையில், கிழக்கேக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே ஹெரால்டு இருமி இருமி நின்றுவிட்டது. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் இறங்கி, பாயிண்ட் கரிந்து, பொறி செத்துப்போயிருந்தது. பட்டுச் சேலையோடு மகள் உள்ளே இருக்க, ஒரு லாட்டரிக்காரனும் இரண்டு கண்டக்டர்களும் பெயர் தெரியாத ஒரு குடிகாரனும் சேர்ந்து தள்ளினார்கள். அவர்களில் குடிகாரன்தான் அதிகம் உழைத்தான். அன்றைக்குப் பிறகு சாலையில் அந்தக் குடும்பத்துக்கு இரும்புக்கடைக்காரர் என்ற பெயர் போய்த் தள்ளுவண்டிக்காரர் என்ற பெயர் வந்தது. கலைச்செல்வியின் மாமியாருக்கு இன்றைக்கும் அதைச் சொன்னால்தான் சாப்பாடு செரிக்கும்.

இந்த நிலையில்தான் தம்பி தாணுவின் மகள் அஸ்வதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாணு மனைவியை இழந்தவர். அண்ணன் வீட்டிலேயே இருந்தார். அண்ணன் கடையிலேயே நின்றார். அண்ணன் சொன்னதையே சொன்னார். மனிதரில் சிலர் நிழலாகப் பிறந்து நிழலாகவே காலம் தள்ளுவார்கள். தாணு அதிலும் கொஞ்சம் மங்கிய நிழல்.

மாப்பிள்ளை ஸ்ரீஜித் நல்ல பையன். அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய தகப்பன் தங்கபாண்டியைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து லாரி ஓட்டிக்கொண்டு வந்த ஆள். விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டத் தொடங்கியபோது பாறை ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டும் வேலையை எடுத்தார். கடலில் கல்லைப் போட்டே பெரிய மனிதராகிவிட்டார். இப்போது வீடு முழுவதும் பளிங்கு, கழுத்தில் புலிநகம், வாசலில் யானை அளவுக்கு ஒரு வெள்ளைக் கார். நிச்சயதார்த்தத்தன்று, பாயசம் குடித்த வாயைத் துடைக்காமலேயே கேட்டார்:

"அண்ணாச்சி, பொண்ணு உங்க பழைய வண்டியிலதான் வரும்னு சொல்லுதாவளே, நெசமா? அப்பம் முன்கூட்டியே சொல்லிருங்க. நம்ம லாரிப் பையன்மார் ஒரு நாலு பேர அனுப்பி வைக்கேன். தள்ளுகதுக்கு."

சபை சிரித்தது. தாணுவும் சிரித்தார். பகவதிப்பெருமாள் தம்பியைப் பார்த்தார்; தாணுவின் சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாளே அவர் கிள்ளிப்பாலத்துக்குப் போனார். பழைய கார்களுக்குப் புதிய மின்பொறி அமைப்பு பொருத்தித் தரும் பிரவின்ராஜ் என்பவனுடைய பட்டறை அங்கே இருந்தது. நெற்றிக்கு மேலே கறுப்புக் கண்ணாடி, சட்டையில் எவனோ ஒரு வெள்ளைக்காரனின் படம், ஸ்குரூ திருகுவதற்கு முன்னால் அதைப் படம் பிடிக்க ஒரு கேமரா. நட்டைத் திருகிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் மெக்கானிக்கைப் பகவதிப்பெருமாள் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பார்க்காமலே இருந்திருக்கலாம். ஆனால் கை சுத்தமான கை. அதையும் அவர் கண்டுகொண்டார்.

"அங்கிளே, இனி பாயிண்ட் வேண்டா, டிஸ்ட்ரிபியூட்டரே வேண்டா. எல்லாத்தையும் எடுத்துக் களையாம்" என்றான் அவன். ஒரு பல் சக்கரத்தை எடுத்துக் காட்டினான். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய இரும்புத் தட்டு. விளிம்பு முழுக்கச் சதுரப் பற்கள். "இது எஞ்சின் கூடச் சுத்தும் கிராங்க் புல்லியில கேறும். பக்கத்துல சென்சர். ஓரோ பல்லு கடக்கும்போதும் சென்சர் எண்ணும். கூட வைக்குற கம்ப்யூட்டர் பாக்ஸ் அதக் கேட்டு பிளக்குக்குப் பொறி குடுக்கும். மழை வந்தாலும் நிக்காது கேட்டோ."

"ஒரு பல் இல்லையே."

"அதாக்கும் விஷயம்! முப்பத்தாறு பல்லுக்கு இடம், பல்லு முப்பத்தஞ்சு. அந்தக் காலி இடம் கடக்கும்போதான் எஞ்சின் எவிட நிக்குதுன்னு பாக்ஸுக்குத் தெரியும். அது இல்லேங்கில் பாக்ஸ் குருடு. ஒரு பொறி தராது."

பகவதிப்பெருமாளுக்கு அது உடனே விளங்கியது. அறிவுள்ளவனுக்கு ஒரு தடவை சொன்னால் போதும். பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்து, வேலை முடியும் வரை பார்த்தார். புல்லியில் சக்கரத்தை நாலு போல்ட்டில் ஏற்றினான். சென்சருக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு கெட்டிக் காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டான். முதல் சிலிண்டர் உச்சியில் நிற்கும்போது காலி இடம் சென்சரைத் தாண்டி ஒன்பதாவதாக நிற்கவேண்டும் என்று எண்ணிப் பொருத்தினான். பழைய டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தான். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. தையல் மிஷினைப் போல ஓடியது. கோவளம் வரை போய்த் திரும்பினார். ஒரு சிறு இருமல்கூட இல்லை.

வீட்டில் கொண்டுவந்து நிறுத்தி, முன்பக்கத்தைத் திறந்து வைத்தார். தாணு வந்து குனிந்து பார்த்தார். அவர் கண்ணில் வேறு எதுவும் படவில்லை.

"அண்ணே, இதுல ஒரு பல்லு இல்லியே."

"இல்ல."

"ஒடஞ்சு போச்சா?"

"தாணு, உனக்க வாயில பல்லு முழுசா இருக்குல்லா? அத வச்சுக்கிட்டுச் சும்மா இரி."

தாணு சும்மா இருந்தார். விளக்கம் என்பது கடைக்கு வரும் ஆளுக்குச் சொல்வது. தம்பிக்குக் கட்டளை போதும் என்பது பகவதிப்பெருமாளின் முறை. நாற்பது வருஷமாக அந்த முறையில்தான் அந்தக் குடும்பம் நடந்தது.

கல்யாணத்துக்கு முன்பு அந்த வீட்டில் மூளி பொறுக்கும் வழக்கம் உண்டு. வாய் நெளிந்த செம்பு, விளிம்பு உடைந்த பீங்கான், மூக்கு ஒடிந்த கிண்டி, பல் விழுந்த சீப்பு, இப்படிக் குறைபட்ட பொருள் எதுவும் கல்யாணப் பெண் இருக்கும் வீட்டில் இருக்கக் கூடாது. மற்ற வீடுகளில் இதைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே பகவதிப்பெருமாளே கைத்தடியோடு அறை அறையாக நடந்தார். மனைவி ஆவுடைத்தாய் தன் தாய் கொடுத்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். மூலையில் நகம் அளவுக்குக் கீறல்.

"இது ஒண்ணு கெடக்கட்டும். அம்மைக்க ஓர்மைக்கு வச்சதாக்கும்."

"ஓர்மைய மனசுல வை. மூளிய வெளிய வை."

"சின்னக் கீறலுதானே, கேட்டியளா..."

"மூளியில சின்னது பெரிசு உண்டா? பொண்ணு தொடுக பொருளு, பொண்ணு ஏறுக பொருளு, ஒண்ணுலயும் மூளி இருக்கப்பிடாது. இந்த வீட்டு நடையக் கடக்கப்பிடாது. எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

கண்ணாடி வெளியே போனது. தாணு நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்தால் அதிலிருந்து என்ன முளைக்கும் என்று யார் யோசித்தார்கள்!

கல்யாணம் மணக்காட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. தங்கபாண்டி தாலி கட்டும் நேரத்தில் போனில் பாறை லோடு பற்றிப் பேசியதைத் தவிர. சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை வரவேற்க விழிஞ்ஞத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். மாப்பிள்ளையும் தங்கபாண்டியும் அவர்களுடைய டிரைவரும் மட்டும் ஸ்ரீவராகத்து வீட்டுக்கு வந்தார்கள், பெண்ணை அழைத்துப்போக. ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும். இரண்டு நாளாக எடுக்காமல் வைத்திருந்த ஹெரால்டு பிச்சிப்பூ மாலை போட்டு நின்றது. அக்கம்பக்கத்தார் மதிலோரம் நின்றார்கள். அவர்கள் வாழ்த்த நின்றார்களா, வண்டி நிற்பதைப் பார்க்க நின்றார்களா என்று பகவதிப்பெருமாளுக்குச் சந்தேகம் இல்லை.

அவர் அரைஞாணிலிருந்து சாவியை எடுத்தார். அதை அவர் யாரிடமும் கொடுப்பதில்லை. ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து திருப்பினார்.

ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை.

மறுபடியும் திருப்பினார். மறுபடியும் வெறும் சுற்று. மூன்றாம் தடவை மதிலோரத்திலிருந்து யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

"என்ன அண்ணாச்சி," என்றார் தங்கபாண்டி, வெள்ளைக் காரில் சாய்ந்துகொண்டு. "பையன்மாருக்குப் போன் போடட்டா?"

பகவதிப்பெருமாள் சாவியை விட்டுக் கதவைத் திறந்தார். இறங்கினார். முன்பக்கத்தைத் தூக்கினார். பெட்ரோல் வாசனை இருந்தது. ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்து, வேறு வழியில்லாமல் தங்கபாண்டியின் டிரைவரைச் சாவி திருப்பச் சொன்னார். பொறி இல்லை. ஒரு துளி இல்லை. புல்லி நட்டில் ஸ்பானரைப் போட்டு மெல்லத் திருப்பினார். பற்கள் ஒவ்வொன்றாகச் சென்சரைக் கடந்தன. காலி இடம் வரவில்லை. ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்றும் திருப்பினார். சக்கரத்தில் பல் முழுசாக இருந்தது, பல் கட்டிக்கொண்ட கிழவனின் வாயைப் போல.

அவர் நிமிர்ந்தார்.

"தாணு."

தாணு பட்டு வேட்டி சரசரக்க வந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். அண்ணன் பாராட்டப் போகிறார் என்று அந்த மனிதர் உண்மையிலேயே நினைத்திருக்கிறார்.

"கண்டுபுடிச்சிட்டியளா அண்ணே? நான்தான் வச்சேன். நேத்து நீங்க மண்டபத்துக்குச் சமையக்காரன பாக்கப் போனியள்லா, அப்பம் கடைக்குப் பின்னால உள்ள வெல்டிங்காரன வரச்சொன்னேன். சாக்பீஸால அடையாளம் வச்சு, போல்ட்டக் கழத்தி, ஒரு பல்லு வச்சு, ராவி, கறுப்புப் பெயிண்டும் அடிச்சு, இருந்த மாதிரியே மாட்டிட்டான். அடையாளமே தெரியல்ல, பாத்தியளா!"

தெரியவில்லைதான். அந்தக் குடும்பத்தில் தாணு பொறுப்பெடுத்து ஒழுங்காக முடித்த ஒரே வேலை அது.

"யாரு சொன்னா உன்கிட்ட?"

"நீங்கதானே அண்ணே சொன்னிய. பொண்ணு ஏறுக பொருளுல மூளி இருக்கப்பிடாதுன்னு. எனக்க மக ஏறுக வண்டியில ஒரு பல்லு இல்லாம கெடக்கு. ஒங்ககிட்ட கேட்டேன், ஒண்ணும் சொல்லல்ல. சரி, அண்ணனுக்கு வேல அதிகம், நாமளே பாப்போம்னு..."

ஆவுடைத்தாய் படியில் நின்றுகொண்டே சொன்னாள்: "அவரு சொல்லுகதுல என்ன தப்பு? சீப்புக்கு உள்ள நியாயம் சக்கரத்துக்கு இல்லியா? எனக்க கண்ணாடி போச்சுல்லா!"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் கடமை, கேட்பவர் நியாயமான நேரத்தில் கேட்டால்தான் உண்டு. பகவதிப்பெருமாள் புல்லியின் குறியை உச்சிக்குக் கொண்டுவந்தார். சென்சரைத் தாண்டி ஒன்பது பற்களை எண்ணினார். ஒன்பதாவதின் அடியில் நகத்தால் சுரண்டினார். கறுப்புப் பெயிண்டுக்குக் கீழே நீலம் பாரித்த வெல்டிங் தழும்பு தெரிந்தது.

இரும்புக் கடைக்காரர் வீட்டில் ஹாக்ஸா பிளேடுக்குப் பஞ்சமில்லை. உள்ளே போய் ஒன்றை எடுத்து, முனையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். அவர் கைக்கு அது பெரிய வேலையே இல்லை. பத்து வயதிலிருந்து இரும்பு அறுத்த கை. ஆனால் மதிலோரத்தில் முகங்கள் கூடிவிட்டன. தங்கபாண்டி சாய்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்து கிட்டே வந்துவிட்டார். இந்த வீட்டின் மூத்தவனுக்கு வண்டி பூட்டத் தெரியவில்லை என்று நாளைக்குச் சாலை முழுக்கப் பேசும். தவறு யாருடையது என்று இவர்கள் எல்லோரும் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். அவர் பிளேடைத் தாணுவிடம் நீட்டினார்.

"நீ வச்ச பல்லு. நீயே எடு."

"இப்பமா? பட்டோடயா?"

"பட்டோட."

"பொண்ணு எறங்குக நேரத்துல இரும்ப வெட்டலாமா அண்ணே? ஆகாதும்பாவ..."

"நீ இனி எனக்கு ஆகுக காரியம் சொல்லாண்டாம். முட்டுகுத்து. அப்பத்தான் கை எட்டும்."

தாணு டயருக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். அறுக்கத் தொடங்கினார். அவர் பிளேடைப் பிடித்த பிடியைப் பார்த்தால், இரும்புக் கடைக்காரன் மகன் என்று யாரும் நம்பமாட்டார்கள். பூசாரி மணியாட்டுவது போல ஆட்டினார். பிளேடு ஒடிந்தது. பகவதிப்பெருமாள் இன்னொன்றைக் கொடுத்தார். தாணுவின் கழுத்திலிருந்து வியர்வை வழிந்து சந்தனத்தைக் கரைத்தது. பட்டின் சரிகைக் கரையில் கிரீஸ் ஏறியது. மதிலுக்கு மேலே ஒரு போன் உயர்ந்து படம் பிடித்தது.

ஸ்ரீஜித் முன்னால் வந்தான். "பெரியப்பா, நான் அறுக்கட்டா? மாமாவுக்குக் கை வலிக்கும்."

"மாப்பிள வேல செய்யாண்டாம். மாப்பிள நிக்கட்டும்."

"பாவம் அண்ணாச்சி, விடுங்களேன்" என்றார் தங்கபாண்டி. "எங்க வண்டி சும்மாத்தானே நிக்கி."

"உங்க வண்டி நிக்கட்டும். எங்க வண்டி ஓடும்."

கடைசியில் பல் அறுபட்டு விழுந்தது. பகவதிப்பெருமாள் சென்சரில் ஒட்டிய இரும்புத் தூளைத் துணியால் ஒற்றி எடுத்தார். முன்பக்கத்தை மூடினார். உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

பாதித் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. நடுக்கம் இல்லை, புகை இல்லை. மதிலோரத்து முகங்களில் ஏமாற்றம் பரவுவதை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இறங்கி, பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏறு, அஸ்வதி."

அஸ்வதி ஏறவில்லை. அவள் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாணு இன்னும் எழுந்திருக்கவில்லை. கறுத்த கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் காற்றில் விரித்து வைத்திருந்தார். அவள் போய்த் தோளைப் பிடித்து எழுப்பினாள். கல்யாணச் சேலை முந்தானையால் அந்தக் கையைத் துடைத்தாள். முந்தானை கறுப்பானது.

"ஏறு மக்ளே," என்றார் தாணு. "எனக்கு ஒண்ணுமில்ல. அண்ணன் செஞ்சா அதுல ஒரு காரியம் காணும்."

"காணும் அப்பா. வண்டி ஓடுதுல்லா." பிறகு பெரியப்பாவைப் பார்த்தாள். குரல் உயரவில்லை. "வண்டிய நல்லா வச்சிருக்கீய பெரியப்பா. ஆனா எனக்க அப்பாவ இத்தன பேருக்கு முன்னால முட்டுகுத்த வச்ச வண்டியில நான் ஏற மாட்டேன்."

"அவன் செஞ்ச வேல என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நீங்க சொன்னதச் செஞ்சாரு. அதானே அவருக்கு எப்பவும் வேல."

"அஸ்வதி, இது வீட்டு முறை."

"முறைய நீங்க வச்சுக்கோங்க."

அதோடு அவள் மலையாளத்துக்கு மாறிப் புருஷனிடம், "வா ஸ்ரீ, நமுக்கு ஆ வண்டியில் போகாம்" என்றாள், வெள்ளைக் காரைக் காட்டி. வீட்டுப் பேச்சை வீட்டு மொழியில் முடித்துவிட்டாள்; இனிமேல் பேச வேறு மொழி, வேறு வீடு. படிக்க வைத்த லட்சணம் என்று பகவதிப்பெருமாள் நினைத்தார். படிக்க வைத்தது அவர்தான்.

அவள் தகப்பனையும் கையோடு இழுத்துக்கொண்டுபோய் வெள்ளைக் காரின் முன் இருக்கையில், தங்கபாண்டி உட்காரும் இடத்தில், உட்கார வைத்தாள். பின்னால் அவளும் ஸ்ரீஜித்தும் அவளுடைய பெட்டிகளும். தாணு கண்ணாடி வழியாக அண்ணனைப் பார்த்தார். உத்தரவு கேட்கும் அதே பார்வை. பகவதிப்பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹெரால்டு ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு வீட்டுக்குள் போகலாம். ஆனால் இந்த வாசலில் திருப்பிய சாவியை இந்த வாசலிலேயே அணைத்ததாக ஒரு பேச்சு வந்தால் அது கிழக்கேக்கோட்டையை விடக் கேவலம். அவர் கதவை மூடினார். ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

பின் கதவு திறந்தது. தங்கபாண்டி தலையை நீட்டினார்.

"அண்ணாச்சி, நம்ம வண்டியில எடம் இல்லாமப் போச்சு. நான் இதுல வரட்டா?"

சம்பந்தியை வாசலில் விட்டுப் போக முடியாது. தங்கபாண்டி ஏறினார். இரண்டு தலைமுறைப் பெண்கள் கண்ணீரோடு உட்கார்ந்த இருக்கையில், பிச்சிப்பூச் சரங்களுக்கு நடுவில், புலிநகத்தோடு கால் பரப்பி உட்கார்ந்தார்.

மணக்காடு தாண்டியது. அம்பலத்தறை சிக்னலில் ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் டிப்பர் லாரி. ஹெரால்டு முனகாமல் நின்று, முனகாமல் புறப்பட்டது. திருவல்லம் பாலத்தில் மழை பிடித்தது. சரியான மழை. பாயிண்ட் இருந்திருந்தால் அங்கேயே செத்திருக்கும். எஞ்சின் சுருதி மாறவில்லை. இதைப் பார்க்க வேண்டியவர்கள் பின்னால் வரும் வண்டியில் இருந்தார்கள்; அவர்கள் பார்த்தார்களா என்று பார்க்க அவர் கண்ணாடியில் பார்த்தார். கண்ணாடியில் தங்கபாண்டியின் முகம்தான் தெரிந்தது.

"என்னா ஓட்டம் அண்ணாச்சி! நம்ம ஊர்ல ஐஸ் பேக்டரி மோட்டார்தான் இப்பிடி ஓடும்" என்றார் தங்கபாண்டி.

இங்கிலாந்தில் வரைந்து மதராஸில் பூட்டிய எஞ்சினுக்கு ஐஸ் பேக்டரி உவமை. பகவதிப்பெருமாள் ரோட்டைப் பார்த்தார்.

கொஞ்சம் தூரம் போனதும் தங்கபாண்டி முன்னால் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரல் தாழும் என்றே பகவதிப்பெருமாளுக்கு அதுவரை தெரியாது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். அங்க நடந்தத நான் பாக்கல. எங்க வீட்டுப் பொம்பளையள்ட்டயும் பேசமாட்டேன். எனக்கும் ஒரு அண்ணன் இருந்தான்."

"நான் உங்ககிட்ட ஒண்ணும் கேக்கல்லியே."

"கேக்கல. நானாத்தான் சொன்னேன்."

கல் கொட்டுகிறவன் இரக்கம் கொட்டுகிறான். கிண்டலை வாங்கிக்கொள்ள அவருக்குத் தெரியும். கிண்டல் சமமான ஆட்கள் செய்வது. இரக்கம் மேலேயிருந்து வருவது. தகப்பனார் உயிரோடு இருந்த காலத்தில் இப்படி ஒரு ஆள் அந்த வண்டியின் மட்கார்டைத் தொட்டிருக்க முடியாது. இவன் பேசமாட்டானாம். இவன் தயவில் இந்தக் குடும்பத்தின் மானம் நிற்குமாம். ஒரு அண்ணன் தம்பியை ஊர் பார்க்க மண்டியிட வைத்தான், அதனால் மகள் வீட்டு வண்டியில் ஏற மறுத்தாள் என்ற கதையை இவன் தன் இடுப்பில் முடிந்து வைத்திருப்பானாம், தோன்றும்போது தடவிப் பார்த்துக்கொள்ள.  முக்கோலாவைத் தாண்டி விழிஞ்ஞத்துக்குள் வண்டியை விட்டார்.

தங்கபாண்டியின் வீட்டு வாசலில் வாழைக்குலை கட்டியிருந்தது. மாலை போட்ட வண்டி முதலில் வருவதைப் பார்த்ததும் குலவைச் சத்தம் எழுந்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் மழைத் தூறலில் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவள் தங்கபாண்டியின் மனைவி ரத்னாபாய். சிரித்த முகத்தோடு பின் கதவைத் திறந்தாள்.

தங்கபாண்டி இறங்கினார், தோளில் ஒரு பிச்சிப்பூச் சரத்தோடு.

குலவை அறுந்தது. ஒருத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஐயோ, பொண்ண அனுப்பச் சொன்னா இத அனுப்பியிருக்காவளே!"

"பொண்ணு எங்க?" என்றாள் ரத்னாபாய்.

"பின்னால வருது, நம்ம வண்டியில" என்றார் தங்கபாண்டி.

ரத்னாபாய் மாலை போட்ட ஹெரால்டை ஒரு முறை பார்த்தாள். அதை ஓட்டிவந்த பெரியவரைப் பார்த்தாள். அந்தக் குடும்பத்தின் தள்ளுவண்டிப் பெயர் விழிஞ்ஞம் வரை வந்திருந்தது. ஆரத்தித் தட்டு வைத்திருந்த ஒருத்தி அவர் பக்கத்து ஜன்னலில் குனிந்து, குரலில் கொஞ்சம் மரியாதையும் நிறைய ஆசையுமாகக் கேட்டாள்:

"வழியில வண்டி நின்னு போச்சா, அண்ணாச்சி?"

தங்கபாண்டி வாயைத் திறந்தார். "அதொண்ணும் இல்ல, வண்டி பிரமாதமா..."

பகவதிப்பெருமாள் அவரைப் பார்த்த பார்வையில் அந்த வாய் மூடிக்கொண்டது. வளைவில் வெள்ளைக் கார் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் முன் இருக்கையில் தாணு, பக்கத்து மனிதர்கள் எல்லோரும் காண, கிரீஸ் பட்ட பட்டோடு. கேள்வி கேட்பார்கள். தாணு எல்லாவற்றுக்கும் உண்மையான பதில் சொல்லிவிடுவார். அவருக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியாது. அதற்கு முன்னால், தம்பி மண்டியிட்ட கதையை மறைக்க, இவர்களுக்கு ஒரு பதில் கொடுத்துவிட வேண்டும்.

"ஆமா," என்றார் பகவதிப்பெருமாள், முதுகு சாயாமல், முன்னால் பார்த்துக்கொண்டே. "திருவல்லத்துல நின்னு போச்சு. பழைய வண்டி. தம்பிதான் எறங்கித் தள்ளினான். கை, பட்டு எல்லாம் கரி. பொண்ணு வந்ததும் முதல்ல அவனுக்குக் கை கழுவத் தண்ணி குடுங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அதைச் சொல்லி முடித்தபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.